பழைய துணியில் குவில்ட்: நான் வந்த வழியும் கையில் நின்ற தையல்களும்

கரூர்க்காரி | சனி, இரவு 9.40

போன வாரம் தொட்டில் விரிப்பின் படம் போட்டதற்கு "இது எந்த டெக்னிக், எங்கே கற்றுக்கொண்டீங்க" என்ற ஒரே கேள்வி பத்து விதமாக வந்துவிட்டது. தனித்தனியாகப் பதில் போட்டு மாளவில்லை. அதனால் இந்த இழை. நீளம்தான், டீ போட்டுக்கொண்டு வந்து உட்காருங்கள்.

நான் ஓவியம், டிசைன் எதுவும் படித்தவள் இல்லை. பி.காம். முடித்துவிட்டு 2008-இல் கரூரில் ஓர் ஏற்றுமதி யூனிட்டில் செக்கிங் வேலைக்குச் சேர்ந்தேன். படுக்கை விரிப்பு, தலையணை உறை, சமையலறைத் துண்டு எல்லாம் கப்பலேறும் ஊர் இது. துணி அடுக்குகளைச் சேர்த்துத் தைக்கும் விரிப்பான குவில்ட்டும் ஏறும். மேசையில் விரித்து நான்கு ஓரமும் டேப் பிடிக்க வேண்டும், ஓர் இன்ச்சில் எத்தனை தையல் என்று எண்ண வேண்டும், நூல் தொங்கினால் வெட்ட வேண்டும், கறை கண்டால் சிவப்பு ஸ்டிக்கர் ஒட்ட வேண்டும். எட்டு வருஷம் இதே வேலை. குவில்ட் எனக்கு அறிமுகமானதே அதன் குறைகள் வழியாகத்தான்.

கட்டிங் மேசைக்கு அடியில் வெட்டுத்துணி மலையாகக் குவியும், கிலோ கணக்கில் எடைக்குப் போகும். ஒரு பை கேட்டு வாங்கிவந்து, வீட்டு மெஷினில் சதுரம் சதுரமாக அடித்ததுதான் என் முதல் குவில்ட். வரிசைக்குப் பன்னிரண்டு சதுரம். தையலுக்குக் கால் இன்ச் விட வேண்டும் என்பது தெரியும். ஆனால் அளந்து பார்க்காமல் மெஷின் பாதத்தின் ஓரத்தை நம்பி ஓட்டினேன். அது கால் இன்ச்சைவிட அரை நூல் அதிகம் (ஒரு நூல் என்றால் இன்ச்சில் எட்டில் ஒரு பங்கு). அரை நூல்தானே! தையலின் இரண்டு பக்கமும் சேர்ந்தால் ஒரு நூல். வரிசைக்குப் பதினொரு தையல், ஆக பதினொரு நூல். கிட்டத்தட்ட ஒன்றரை இன்ச். சுற்றிலும் வைக்கக் கச்சிதமாக வெட்டி வைத்திருந்த பார்டர் ஒவ்வொரு பக்கமும் மிஞ்சித் தொங்கியது. மற்றவர்கள் தைத்ததில் குறை கண்டுபிடித்துச் சம்பளம் வாங்கிக்கொண்டிருந்தவளுக்கு நல்ல மரியாதை.

அப்புறம் ஒழுங்காகக் கற்றுக்கொண்டேன். மூன்று வருஷம், முனை முனையைத் தொடுகிறதா என்பதைத் தவிர வேறு யோசனை இல்லை. சதுரத்தைக் கோணவாட்டில் வெட்டி முக்கோணம் ஆக்குவது, கட்டைகளை அடுக்குவதுபோல நடுவிலிருந்து பட்டை வைத்துக்கொண்டே போகும் லாக் கேபின், காகிதத்தில் மடித்துச் சேர்க்கும் அறுகோணம் எல்லாம் வரிசையாக வந்தன.

2016-இல் அப்பா போய்ச் சேர்ந்தார். கைத்தறியில் பெட்ஷீட் நெய்தவர். அவர் பெட்டியில் ஆறு வேட்டி, நான்கு லுங்கி, ஒரு துண்டு. பழக்கதோஷத்தில் எல்லாவற்றிலிருந்தும் இரண்டரை இன்ச் சதுரங்கள் வெட்டினேன். முந்நூற்றுச் சொச்சம். ஒரு முனைகூடத் தப்பவில்லை, அவ்வளவு சுத்தமான வேலை. அம்மாவிடம் கொடுத்தேன். இரண்டாவது துவைப்பில் கிழிந்தது.

தையல் பிரிந்திருந்தால் மறுபடி போட்டிருப்பேன். தையல் அப்படியே இருந்தது, அதற்குப் பக்கத்தில் துணி விட்டுவிட்டது. அறுபது இடத்தில்.

அன்றைக்குத்தான் புரிந்தது: டெக்னிக்கை நான் தேர்ந்தெடுத்தது என் கைக்குப் பிடித்ததை வைத்து. துணியின் வயசை நான் கேட்கவே இல்லை. இன்று யார் கேட்டாலும் என் பதில் அதுதான். புதுத் துணிக்கு ஒரு தையல், நடுவயசுத் துணிக்கு ஒன்று, இற்றுப்போன துணிக்கு இன்னொன்று. படத்தில் நீங்கள் பார்த்தது மூன்றாவது வகை. கர்நாடகத்தில் சித்தி இனப் பெண்கள் தைக்கும் கவந்தி. கேளுங்கள், தெரிந்ததைச் சொல்கிறேன்.

மயில்கண்_பார்டர் | சனி, இரவு 10.05

வந்துட்டேன்மா. அந்த அறுபது இடத்தை வாசித்ததும் எனக்கே நெஞ்சு அடைத்தது.

என் கேள்வி பட்டுப் புடவையைப் பற்றி. அம்மாவுடைய காஞ்சிபுரம் இரண்டு, மடித்த இடமெல்லாம் கீறிக்கொண்டு வருகிறது. அதை என்ன செய்யலாம்?

அளவுகோல் | சனி, இரவு 10.31

நல்ல பதிவு. ஆனால் ஓர் ஆட்சேபம். பழைய துணி விட்டுப்போவதற்கும் சதுரமாக வெட்டியதற்கும் சம்பந்தம் இல்லை. பின்னால் ஃப்யூசிங் (சூட்டில் ஒட்டும் பசைத்துணி) ஒட்டாததுதான் தப்பு. பனியன் துணியில் குவில்ட் தைப்பவர்கள் எல்லாரும் முதலில் ஃப்யூசிங் ஒட்டித்தான் வெட்டுகிறார்கள். மெல்லிய ஃப்யூசிங்கை இஸ்திரிப் பெட்டியால் ஒட்டிவிட்டால் எந்த வேட்டியும் புதுத் துணிபோல நடந்துகொள்ளும்.

இன்னொன்று. 1979-இல் ஓல்ஃபா கம்பெனி ரோட்டரி கட்டரை, அதாவது சக்கரம்போல உருளும் கத்தியை, கொண்டுவந்த பிறகு குவில்ட்டிங்கே மாறிப்போனது. துல்லியம் எல்லார் கைக்கும் வந்தது. அதை விட்டுவிட்டுப் பின்னால் போக வேண்டுமா?

கரூர்க்காரி | ஞாயிறு, காலை 6.15

அளவுகோல் சார், பனியனுக்கு நீங்கள் சொல்வது சரி. அது இழுபடுகிற துணி, ஃப்யூசிங் இல்லாமல் வெட்டவே முடியாது. வேட்டியில் நான் ஒட்டிப் பார்த்தேன். விறைத்துக்கொண்டு காலண்டர் அட்டைபோல ஆகிவிட்டது. நாலைந்து துவைப்பில் கொப்புளம் கொப்புளமாக எழும்பியது. எல்லாவற்றுக்கும் மேல், அப்பா வேட்டியைத் தொட்டால் அப்பா வேட்டிபோல இருக்க வேண்டாமா?

ரோட்டரி கட்டர் என்னிடமும் இருக்கிறது, தினமும் எடுக்கிறேன். பின்னால் போகச் சொல்லவில்லை. துணியைப் பார்த்துவிட்டு எடுங்கள் என்கிறேன்.

எப்படிப் பார்ப்பது என்றால், ஜன்னல் வெளிச்சத்துக்கு நேராகத் துணியைப் பிடிப்பேன். நெசவு சீராகத் தெரிந்தால் பிழைத்தது. ஆங்காங்கே வெளுத்து, கொசுவலை மாதிரி தெரிந்தால் அந்த இடம் போய்விட்டது. அப்புறம் இரண்டு கட்டைவிரலையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து லேசாக வெளியே இழுப்பேன். நூல் நகர்ந்து அப்படியே நின்றுவிட்டால் அதில் கால் இன்ச் தையல் தாங்காது. வேட்டியில் உட்காரும் இடம் முதலில் இற்றுப்போகும், கரையோரம் கடைசிவரை உறுதியாக இருக்கும். புடவையில் கொசுவம் செருகும் இடமும் தரையில் உரசும் கீழ்ப்பக்கமும் போயிருக்கும், முந்தானை புத்தம் புதுசாக நிற்கும். ஒரே புடவைக்குள் மூன்று வயசு!

மயில்கண் அக்கா, உங்கள் பட்டு நடுவயசு. அதைத் தனியாக வெட்டிச் சேர்க்காதீர்கள். அடித்துணி வைத்துத் தையுங்கள். பழைய மல் துணியோ மெல்லிய காடாவோ ஒன்பது இன்ச் சதுரமாக வெட்டிக்கொள்ளுங்கள். பட்டுப் புடவையைக் கீறல் இல்லாத இடமாகப் பார்த்து நீளப் பட்டைகளாக வெட்டுங்கள், அகலம் கூடக்குறைய இருக்கலாம். முதல் பட்டையை மூலைக்கு மூலை, நல்ல பக்கம் மேலே தெரிகிற மாதிரி வையுங்கள். இரண்டாவதை அதன் மேல் குப்புற வைத்து, அடித்துணியோடு சேர்த்து ஓரத்தில் ஒரு தையல். பிரித்துப் போட்டு நகத்தால் அழுத்துங்கள். அடுத்தது. இப்படியே இரண்டு மூலைக்கும் போய்ச் சேர்ந்து, கடைசியில் சதுரமாக ஓரத்தை வெட்டிவிடுங்கள். இழுப்பைத் தாங்குவது அடித்துணி. பட்டு சும்மா மேலே உட்கார்ந்திருக்கும். வழுக்காது, கோணாது. ஜரிகைப் பகுதியில் ஊசி மழுங்கும், புது ஊசி போட்டுக்கொள்ளுங்கள். இதைச் சுவரில் மாட்டத்தான் செய்ய வேண்டும். போர்த்திக்கொள்ள பட்டு இனி தாங்காது.

நான் அதிகம் தைப்பது இந்த அடித்துணி முறைதான். மனசு சரியில்லாத நாளிலும் தைக்கலாம், அளவே தேவையில்லை.

புதுநூல் | ஞாயிறு, காலை 8.50

அக்கா, நான் ஒரு பட்டன்கூட ஒழுங்காகத் தைத்ததில்லை. அக்கா பெண் மாசி மாதம் பிரசவத்துக்கு வருகிறாள். அந்தக் கவந்தி எனக்கு வருமா? மெஷின் இல்லை.

கரூர்க்காரி | ஞாயிறு, பிற்பகல் 2.20

மெஷின் இல்லாததே நல்லது. அதற்கு மெஷின் வேண்டாம்.

முதலில் யார் வேலை என்று சொல்லிவிடுகிறேன். பல நூற்றாண்டுகளுக்கு முன் ஆப்பிரிக்காவிலிருந்து கோவா பக்கம் அடிமைகளாகக் கொண்டுவரப்பட்டவர்களின் வழிவந்தவர்கள் சித்திகள். இன்று உத்தர கன்னட மாவட்டத்தில் எல்லாப்பூர், ஹளியாள், முண்டகோடு பக்கம் காட்டோரக் கிராமங்களில் இருக்கிறார்கள். இந்துக்கள், முஸ்லிம்கள், கிறித்தவர்கள் என்று மூன்று சமயத்திலும் உண்டு. வட கர்நாடகத்தில் கௌதி என்று பழைய புடவை விரிப்பு பொதுவாகவே தைப்பார்கள். சித்திப் பெண்கள் தைப்பதற்கு மட்டும் ஒரு தனி நடை. பெங்களூரு கண்காட்சி ஒன்றில் முதல் முறை பார்த்தேன். செக்கிங் புத்தி போகுமா? ஓரத்தைத் திருப்பி, பிசிறை மறைக்கும் பைண்டிங் பட்டை எங்கே என்று தேடினேன். இல்லை. தைக்கத் தொடங்கும்போதே ஓரம் முடிந்துவிடுகிறது.

நாம் எல்லாரும் நடுவிலிருந்து வெளியே போவோம். அவர்கள் ஓரத்திலிருந்து நடுவுக்கு வருகிறார்கள்.

தொட்டிலுக்கு 30-க்கு 40 இன்ச் போதும். அடியில் ஒரு புடவைத் துண்டு, நான்கு பக்கமும் ஓர் இன்ச் கூடுதலாக. ஒரு மூலையில் உட்காருங்கள். அடித்துணியின் ஓரத்தை உள்பக்கமாக மடியுங்கள். முதல் ஒட்டுத் துணியின் இரண்டு ஓரத்தையும் மடித்து, மூலைக்கு மூலை சேர வையுங்கள். ஓரத்திலிருந்து ஒரு நூல் தள்ளி ஓட்டத்தையல். தைத்துக்கொண்டே போய், அந்த ஒட்டு முடிய இரண்டு விரல்கடை இருக்கும்போது அடுத்த துணியை எடுத்து அதன் கீழே செருகுங்கள். மேலே இருப்பதன் விளிம்பை உள்ளே மடித்துக்கொள்ளுங்கள், பிசிறு தெரியாது. ஒரு சுற்று வந்துவிட்டால் ஓரம் முடிந்தது. இனி அரை இன்ச் உள்ளே தள்ளி அடுத்த சுற்று. மூலை வந்தால் திரும்ப வேண்டும், அவ்வளவுதான். துணி தீரும் இடத்தில் புதுத் துணி செருகி, சுற்றிச் சுற்றி நடுவுக்கு வாருங்கள். கடைசியில் உள்ளங்கை அளவு ஓட்டை இருக்கும், அதை ஒரு துண்டால் மூடித் தைத்தால் முடிந்தது.

நான்கு மூலையிலும் சின்னச் சின்ன முக்கோணமாக மடித்த துணியை ஓரத்துக்கு வெளியே நீட்டிக்கொண்டிருக்கிற மாதிரி செருகுவார்கள். ஃபூலா என்று பெயர், பூ. பூ இல்லாவிட்டால் அவர்கள் கணக்கில் விரிப்பு அம்மணமாக இருக்கிறது என்று அர்த்தம். நானும் வைக்காமல் விடுவதில்லை.

இற்ற துணி இதில் ஏன் தாங்குகிறது என்றால், அரை இன்ச்சுக்கு ஒரு வரி தையல் ஓடுகிறது. இழுப்பு எல்லா வரிக்கும் பிரிந்துபோகிறது. சதுரம் சேர்த்தால் மொத்தப் பாரமும் ஒரே தையல்மேல் விழும். அப்பா வேட்டி அதனால்தான் போனது. கிழிந்த அதே சதுரங்களையும் மிச்சத் துணியையும் வைத்து 2018-இல் மறுபடி தைத்தேன், கவந்தியாக. இன்றுவரை அம்மா அதைத்தான் போர்த்துகிறார். வாரம் ஒரு துவைப்பு.

வெயில்நகரம் | ஞாயிறு, மாலை 4.02

வேலூரில் இருந்துகொண்டு கேட்கிறேன். நம் ஊர் வெயிலுக்கு இதெல்லாம் யார் போர்த்துவது? உள்ளே பஞ்சு வேறு வைக்கிறார்களே.

கரூர்க்காரி | ஞாயிறு, மாலை 4.40

பஞ்சு வைப்பது அமெரிக்கக் குளிருக்கு. நான் நடுவில் ஒரு பழைய வேட்டி, குளிர் இடத்துக்குப் போவதாக இருந்தால் இரண்டு. வங்காளத்துக் காந்தாவிலும் உள்ளே பஞ்சு கிடையாது, பழைய புடவைகளையே அடுக்கி ஓட்டத்தையல் போடுவார்கள். தைக்கும் நூலைக்கூட அந்தக் காலத்தில் புடவைக் கரையிலிருந்து உருவுவார்களாம். ஏசி அறையில் தூங்குகிற பிள்ளைகளுக்கு மூன்று அடுக்கு சரியாக இருக்கும். ஏசி இல்லாவிட்டால் கீழே விரித்துக்கொள்ளுங்கள்.

எட்டாம்நம்பர்ஊசி | ஞாயிறு, இரவு 7.18

கைத்தையல் என்றதும் எட்டிப் பார்த்தேன். புதுநூலுக்கு இரண்டு மூன்று விஷயம்.

ஊசி நம்பர் ஏற ஏற ஊசி சின்னதாகும். குவில்ட்டுக்கு பிட்வீன்ஸ் என்று குட்டை ஊசி உண்டு, ஒன்பது பத்து நம்பர் வாங்குவார்கள். அடுக்கிய பழைய துணிக்கு எட்டே போதும், கண் பெரிசு. நீளமான ஊசி வளைந்து உயிரை வாங்கும். நூலை முழங்கையளவுக்கு மேல் வெட்டாதீர்கள், சிக்கும்.

முடிச்சை வெளியே விடக்கூடாது. பலருக்கு இது தெரியவில்லை. நூல் நுனியில் சின்ன முடிச்சு போட்டு, தொடங்கும் இடத்துக்கு ஓர் இன்ச் தள்ளி ஊசியைக் குத்தி, மேல் துணிக்கும் நடுத்துணிக்கும் இடையில் ஓட்டி, தொடங்கும் இடத்தில் வெளியே எடுங்கள். இப்போது முடிச்சு துணிமேல் உட்கார்ந்திருக்கும். நூலை டக்கென்று ஒரு சுண்டு சுண்டுங்கள். "டிக்" என்று சத்தம் வரும், முடிச்சு உள்ளே போய்விடும். மெதுவாக இழுத்தால் போகாது, ரொம்ப இழுத்தால் மறுபக்கம் வந்துவிடும். பத்து முறை செய்தால் கை பழகும். எனக்கு அந்த "டிக்" கேட்பதற்காகவே தைக்கத் தோன்றும்.

நடுவிரலில் ஊசி குத்தாமல் காக்கும் விரல்தொப்பி மாட்டாமல் உட்காராதீர்கள். வீரம் இரண்டு நாள்தான்.

புதுநூல் | ஞாயிறு, இரவு 7.55

டிக் வந்தது!! ஏழாவது தடவை. முதல் ஆறும் மறுபக்கம் வந்துவிட்டன.

தேர்முட்டி | திங்கள், காலை 11.10

திருவாரூர்க்காரன். நான் தைப்பவன் இல்லை, பார்ப்பவன். குவில்ட் என்றால் அமெரிக்கா, வங்காளம், கர்நாடகம் என்று ஊர் சுற்றுகிறீர்கள். நம் தேரை விட்டுவிட்டீர்களே.

தேரைச் சுற்றி உருளை உருளையாகத் தொங்குமே, அதுதான் தொம்பை. சிவப்புத் துணிமேல் மஞ்சள், பச்சை, வெள்ளை, நீலத்தில் யாளி, அன்னம், மயில், தாமரை எல்லாம் வெட்டி வைத்துத் தைத்தது. தேர்ச்சீலையும் அதே வேலை. தஞ்சாவூர், கும்பகோணம், திருவாரூர் பக்கம் இன்றும் தைப்பவர்கள் இருக்கிறார்கள். சின்ன வயசில் அவர்கள் வேலை செய்யும் திண்ணையில் மணிக்கணக்காக உட்கார்ந்திருக்கிறேன். ஒரு யாளியின் கண்ணுக்கு மட்டும் வெள்ளை வட்டம், அதற்குமேல் சின்னக் கறுப்பு வட்டம், இரண்டுக்கும் தனித்தனி வெட்டு, தனித்தனித் தையல். முப்பதடி தூரத்திலிருந்து பார்ப்பவனை அது முறைக்க வேண்டும். அதனால் கண் எப்போதும் தேவைக்கு மேல் பெரிசு.

இன்னொன்று, காந்தா காந்தா என்கிறீர்களே, அது நம் கந்தைதான். வடமொழியில் கந்தா என்றால் ஒட்டுப்போட்ட கிழிசல் துணி. வங்காளத்தில் அது காந்தா ஆகி மியூசியத்துக்குப் போனது. இங்கே கந்தை ஆகி, கந்தையானாலும் கசக்கிக் கட்டு என்று புத்திமதிக்குள் போய் உட்கார்ந்துகொண்டது.

மயில்கண்_பார்டர் | திங்கள், பகல் 12.30

ஐயா, கடைசி வரிக்கு ஒரு கும்பிடு.

எங்கள் வீட்டில் அது புத்திமதியாகக்கூட இல்லை, பயமாக இருந்தது. கிழிசல் வீட்டில் இருந்தால் தரித்திரம் என்பார் மாமியார். கல்யாணமான புதிதில் ஒட்டுப்போட்டு ஒரு விரிப்பு தைத்தேன். சம்பந்தி வீட்டார் வருகிறார்கள் என்று பரணில் ஏற்றிவிட்டார். இன்றைக்கு அவர் பேத்தி, அதாவது என் பெண், அதை இறக்கிப் பெங்களூருக்கு எடுத்துப்போய் சோபாவில் விரித்திருக்கிறாள். பார்த்தவர்கள் எங்கே வாங்கினாய் என்று கேட்கிறார்களாம்.

கரூர்க்காரி | திங்கள், இரவு 9.25

தேர்முட்டி ஐயா, அந்தக் கண் விஷயம் எனக்குப் பாடம். நான் வெட்டி ஒட்டித் தைக்கும்போதெல்லாம் கண் சின்னதாகிப் பொம்மை தூங்குகிற மாதிரி ஆகிவிடும். இனி பெரிதாகவே வெட்டுகிறேன்.

துணியில் உருவம் வெட்டித் தைப்பதில் எனக்கு வழிகாட்டி ஹாரியட் பவர்ஸ். 1837-இல் அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலத்தில் அடிமையாகப் பிறந்தவர். அவர் தைத்ததில் இரண்டு குவில்ட் மிஞ்சியிருக்கிறது, ஒன்று ஸ்மித்சோனியனில், ஒன்று பாஸ்டன் அருங்காட்சியகத்தில். பைபிள் கதைகளோடு 1833-இல் விண்மீன்கள் மழையாகக் கொட்டிய இரவையும் தைத்திருக்கிறார். அவர் பிறப்பதற்கு முன் நடந்தது, கேட்டு வளர்ந்த கதை. மனிதர், மிருகம், நட்சத்திரம் எல்லாம் ஒரே அளவு தைரியத்தோடு நிற்கும். வெட்டிய துணியில் கை கால் சரியாக வந்ததா என்று அவர் கவலைப்பட்டதாகவே தெரியவில்லை.

அளவுகோல் | திங்கள், இரவு 10.10

எல்லாம் சரி. ஆனால் ஒரு நேர்மையான கேள்வி. கோணலாக இருப்பதையெல்லாம் கலை என்று சொல்லிவிட்டால், நேராகத் தைக்கத் தெரிந்தவன் என்ன செய்வது? ஒரு நட்சத்திரக் குவில்ட்டில் எட்டு முனை ஒரே புள்ளியில் சேர்வதற்கு நான் நான்கு மாதம் உழைத்திருக்கிறேன். அதை "மெஷின் வேலை" என்று தள்ளுகிறவர்கள் இந்தக் குழுவில் உண்டு.

கரூர்க்காரி | செவ்வாய், காலை 6.05

சார், எட்டு முனை சேர்வதை ஒருகாலும் தள்ள மாட்டேன். உங்கள் நட்சத்திரத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். நடுப்புள்ளியில் தையல் மடிப்புகளைச் சுழலாகப் பிரித்து இஸ்திரி போட்டிருக்கிறீர்கள், துளி மேடு இல்லை. அது கண்ணும் கையும் செய்த வேலை.

ஆனால் கோணல் என்றாலே தெரியாமல் வந்தது என்று நினைப்பதும் தப்பு. அமெரிக்காவின் அலபாமாவில் ஜீஸ் பெண்ட் என்று ஆற்று வளைவில் ஓர் ஊர். அங்கே பெண்கள் தைத்ததை 2002-இல் ஹூஸ்டனிலும் நியூயார்க் விட்னி அருங்காட்சியகத்திலும் சுவரில் மாட்டினார்கள். 2006-இல் தபால்தலையாகவும் வந்தது. அதில் ஒரு வரிசை முழுக்கக் கார்டுராய், கோடு கோடாக மேடு தெரியும் தடித்த துணி. எப்படி வந்தது தெரியுமா? அந்த வட்டாரத்தில் 1966-இல் தொடங்கிய ஃப்ரீடம் குவில்டிங் பீ என்ற கூட்டுறவுக்கு 1972-இல் சியர்ஸ் நிறுவனத்திடமிருந்து கார்டுராய் தலையணை உறை ஆர்டர் கிடைத்தது. உறை கடைக்குப் போனது, வெட்டுத்துணி வீட்டுக்கு வந்தது. ஆர்டருக்குத் தைக்கும்போது நூல் பிசகக்கூடாது, வீட்டுக்குத் தைக்கும்போது அவர்கள் இஷ்டம். இரண்டும் ஒரே கைகள்! இதை வாசித்த அன்று எங்கள் யூனிட் கட்டிங் மேசைதான் கண்முன் வந்தது.

அதே ஊரில் மிசௌரி பெட்வே என்ற பெண் 1942-இல் தைத்த ஒன்று உண்டு. கணவர் இறந்த பிறகு அவருடைய வேலைச் சட்டை, கால்சட்டையை நீளப் பட்டையாகச் சேர்த்தது. முழங்கால் பக்கம் வெளுத்த இடம் அப்படியே தெரியும். என் அறுபது கிழிசலுக்குப் பிறகுதான் அந்தப் படத்தைப் பார்த்தேன். அந்த அம்மா சின்னச் சதுரமாக வெட்டவே இல்லை. பெரிசு பெரிசாக விட்டிருக்கிறார், தையல் குறைவு. முதலிலேயே பார்த்திருந்தால்!

நூற்கண்டு_வியாபாரி | செவ்வாய், காலை 9.45

தொட்டில் விரிப்பு ஒன்று என்ன விலைக்குக் கொடுக்கிறீர்கள்? எண்ணூறுக்குக் கிடைத்தால் இருபது எடுத்துக்கொள்கிறேன்.

கரூர்க்காரி | செவ்வாய், மாலை 5.50

கணக்கை இங்கேயே போடுகிறேன். 30-க்கு 40 என்றால் 1200 சதுர இன்ச். அரை இன்ச்சுக்கு ஒரு வரி. ஆக 2400 இன்ச் தையல், அதாவது இருநூறு அடி. அடுக்கிய துணியில் மணிக்கு ஐந்தாறு அடிதான் என் கை போகும். முப்பத்தைந்து நாற்பது மணி நேரம். நான் வேலை பார்த்த யூனிட்டில் அது ஐந்து ஷிஃப்ட். துணி இலவசம் என்றே வைத்துக்கொள்ளுங்கள், எண்ணூறுக்கு எப்படிங்க?

மேலே சொன்ன ஹாரியட் பவர்ஸ் 1886-இல் பருத்திக் கண்காட்சியில் வைத்த பைபிள் குவில்ட்டை ஓர் ஓவிய ஆசிரியை விலைக்குக் கேட்டார். கொடுக்க மனசில்லை. 1891-இல் பணமுடை. பத்து டாலர் கேட்டார், ஐந்து டாலருக்குக் கொடுத்தார். அதற்குப் பிறகும் அதைப் பார்ப்பதற்காகவே அந்த வீட்டுக்குப் போய்வந்திருக்கிறார்.

நான் அவரவர் வீட்டுத் துணிக்குத்தான் தைத்துக் கொடுக்கிறேன், மணி நேரக் கூலிக்கு. இருபதெல்லாம் வாய்ப்பில்லை.

எட்டாம்நம்பர்ஊசி | செவ்வாய், மாலை 6.30

அந்தக் கணக்கை ஃப்ரேம் போட்டு மாட்டப்போகிறேன். போன வருஷம் ஒருவர் "கையால்தானே தைக்கிறீர்கள், மெஷின் செலவுகூட இல்லையே" என்றார்.

புதுநூல் | வியாழன், இரவு 11.20

அவசரம். முக்கால்வாசி வந்துவிட்டேன். தண்ணீர் கொட்டிவிட்டதால் ஓரத்தை அலசினேன். பாட்டியின் சிவப்புச் சுங்குடி பக்கத்திலிருந்த வெள்ளை வேட்டியில் இறங்கிவிட்டது. ரோஸ் கலரில் ஒரு ஜில்லாவே இருக்கிறது. அழுகையாக வருகிறது. உப்பில் ஊறவைக்கவா, வினிகரா?

கரூர்க்காரி | வியாழன், இரவு 11.32

இரண்டும் வேண்டாம், சாயம் பிடித்த துணியில் அது எதையும் நிறுத்தாது. முதலில் காயவிடாதீர்கள், இஸ்திரி பக்கம் போகவே போகாதீர்கள். பெரிய பக்கெட்டில் கை பொறுக்கும் சூட்டில் நிறையத் தண்ணீர், பாத்திரம் கழுவும் சோப்பு கொஞ்சம், முழுசாக மூழ்கட்டும். தண்ணீர் சிவந்ததும் கொட்டிவிட்டு மறுபடி. இறங்கும் சாயம் திரும்ப உட்கார இடம் கொடுக்காத அளவுக்குத் தண்ணீர் இருக்க வேண்டும். விடிய விடிய மாற்றினாலும் பரவாயில்லை.

அடுத்த முறை வெட்டும் முன் சுங்குடியை நனைத்து, வெள்ளைக் கைக்குட்டையால் அழுத்திப் பாருங்கள். நான் முன்னாடியே சொல்லியிருக்க வேண்டும். தப்பு என்னுடையது.

அளவுகோல் | வெள்ளி, காலை 7.00

என்ன ஆயிற்று? நானும் இரவெல்லாம் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

புதுநூல் | வெள்ளி, காலை 8.15

ஏழு பக்கெட். ஜில்லா ஒரு தாலுகா ஆகிவிட்டது சார். மிச்சம் போகாது போலிருக்கிறது.

மயில்கண்_பார்டர் | வெள்ளி, காலை 8.40

விடும்மா. பிள்ளை ஒரே நாளில் அதைவிடப் பெரிய கறை வைக்கும்.

தேர்முட்டி | வெள்ளி, காலை 9.05

அதன்மேல் ஒரு மயில் வெட்டித் தைத்துவிடு தம்பியோ தங்கையோ. கண் பெரிசாக இருக்கட்டும்.

புதுநூல் | ஞாயிறு, மாலை 6.45

தம்பிதான் ஐயா. அக்கா பெண்ணிடம் சொல்லிவிடாதீர்கள், அவளுக்கு இது ரகசியம்.

மயில் என்று தொடங்கி வாத்து ஆகிவிட்டது. கண் மட்டும் நன்றாக முறைக்கிறது. நடுவில் உள்ளங்கை ஓட்டை மூடியாயிற்று. மூன்று மூலையில் பூ வைத்துவிட்டேன். நான்காவதில் மறந்துபோய் ஓரத்தை முழுக்கத் தைத்துவிட்டேன். பிரிக்கவா, அப்படியே செருக வழி இருக்கிறதா?

கரூர்க்காரி | ஞாயிறு, மாலை 7.02

மூலையில் இரண்டு இன்ச் மட்டும் பிரித்தால் போதும். பழைய நூலை வெட்டாமல் ஊசியால் நெம்பி எடுங்கள், நீளம் மிச்சம் இருக்கும், அதிலேயே மறுபடி தைத்துவிடலாம். முக்கோணத்தின் மடிப்புப் பக்கம் வெளியே பார்க்கட்டும்.

வாத்துப் படம் எங்கே?